அனுசியா சொல்லாமல் விட்டது

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவள் அனுசியா. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஊரக இயற்கை வள மேலாண்மை படித்தாள். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் அவள் அம்மா சந்தனம், "காடு கரையைப் பத்திப் படிக்கிறா" என்பாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. பாதி நாள் வகுப்பு வெயிலில்தான் நடக்கும். கண்மாய்க் கரையில் காலடித் தடங்களை அளப்பார்கள். முயல் புழுக்கை எது, மான் புழுக்கை எது என்று பிரித்துக் காகிதப் பையில் போடுவார்கள். மத்தியானம் மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, "கையக் கழுவுனியா இல்லையாலே?" என்று பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் விரட்டுவார்கள்.

இறுதியாண்டில் அவளுக்கும் பாளையம்பட்டி மணிகண்டனுக்கும் சேர்த்து ஒரே ஆய்வு கிடைத்தது. கண்மாய்ப் புதரில் அடையும் காட்டுப்பன்றிகள் எத்தனை, அவை எந்த வழியாக மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்குகின்றன என்று பார்க்க வேண்டும். அனுசியாவின் ஊர்க் கண்மாயையே எடுத்துக்கொண்டார்கள். ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும் கேமராக்கள் நான்கைக் கல்லூரி கொடுத்தது. மணிகண்டன் ஒரே பிள்ளை. அவன் அம்மா சங்கரம்மாள் விசைத்தறிக்கூடத்தில் நின்று அவனைப் படிக்க வைத்தவள். தாய்ப்பன்றிக்குப் பின்னால் குட்டிகள் வரிசையாகப் போகிற படம் முதலில் கிடைத்தபோது அதை அவளுக்கு அனுப்பிவிட்டு, "எங்கம்மா கோழிக்குஞ்சான்னு கேக்குது" என்று நாள் முழுக்கச் சிரித்தான்.

கதிர் முற்றிய மார்கழியில் ஒரு கேமராவில் மனிதர் ஒருவர் பதிவாகியிருந்தார். ஐயாத்துரை. சந்தனத்துக்கு வருசம் முழுக்க வேலை கொடுக்கிறவர். தன் காட்டைச் சுற்றி வெறுங்கம்பி இழுத்து, மின்கம்பத்தில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அனுசியா அவரிடமே போய்க் கேட்டாள்.

"ஐயா, அந்தக் கம்பில ஆளு பட்டா என்னாகும்?"

"போன வருசம் பன்னி ரெண்டு ஏக்கரை உழுது போட்டுட்டுப் போச்சு தாயி. மனுக் குடுத்தேன், எவன் வந்து பாத்தான்? இன்னும் பத்து நாளுதான். கதிர ஒடிச்சதும் அவுத்துருவேன். விடியிறதுக்கு முந்தியே கரண்ட்ட எடுத்துருவேன். யாருகிட்டயும் சொல்லிராத. ஒங்கம்மா நம்ம காட்டுலதான நிக்கிறா."

அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். அதனாலேயே அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அந்தப் படத்தை ஆய்வில் சேர்க்காமல் தன் போனில் வைத்துக்கொண்டாள். மணிகண்டனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்விடுவான்.

நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் கேமராக்களில் கார்டு மாற்ற வேண்டும். மணிகண்டன் போனில் பேசினான்.

"நீ படு அனு. நான் மொத பஸ்ஸுக்கே வந்து மாத்திட்டுப் போயிர்றேன்."

"ஐயாத்துரை ஐயா காட்டுப் பக்கமாப் போகாத. கரையச் சுத்திப் போ."

"ஏன்?"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான். அவுகளுக்குப் பிடிக்காது."

கரையைச் சுற்றினால் இருபது நிமிடம் கூடுதல். மணிகண்டன் குறுக்கே போனான். அன்றைக்கு ஐயாத்துரை கரண்ட்டை எடுக்காமல் அயர்ந்து தூங்கிவிட்டார். கம்பியில் பட்டுச் செத்துக் கிடந்த அவனை முதலில் பார்த்தது ஆடு ஓட்டிக்கொண்டு போன மொக்கையன்தான். கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடிவந்தார்.

போலீஸ் வருவதற்குள் கம்பியைச் சுருட்டிவிட்டார்கள். பாம்பு தீண்டியிருக்கும் என்று ஊர் சொன்னது. அனுசியா காய்ச்சலோடு எழுந்துபோய்ப் போனிலிருந்த படத்தை இன்ஸ்பெக்டரிடம் காட்டினாள்.

"எப்ப எடுத்தது?"

தேதியைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஐயாத்துரை கைதானார். அதன்பின் சந்தனத்தை அந்த ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தாயும் மகளும் அருப்புக்கோட்டைக்கு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். சந்தனம் மகளை ஒரு சொல் ஏசவில்லை.

மணிகண்டனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு அனுசியா பாளையம்பட்டிக்குப் போனாள். சங்கரம்மாள் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"அங்ஙன கம்பி கெடக்குன்னு அவனுக்குத் தெரியுமா தாயி?"

"தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும். நான் சொல்லல."

சங்கரம்மாள் அழவில்லை. தண்ணீர்ச் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இன்னதுன்னு சொல்லியிருந்தா சுத்திப் போயிருப்பானே. நீ சொன்னாக் கேப்பானே."

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். அனுசியா இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சங்கரம்மாள் வெளியே வரவில்லை.

ஆய்வேட்டை அனுசியா இரண்டு பேர் பெயரிலும் எழுதிக் கொடுத்தாள். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பன்றி அழித்த காடுகளை அளந்து, இழப்பீட்டு மனு எழுதிக்கொடுத்து, அலுவலகம் அலுவலகமாக நடக்கிறாள். கம்பி கட்டியிருந்தால் யார் காடு என்று பார்ப்பதில்லை. அன்றைக்கே மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுகிறாள். சில ஊர்களில் அவளை உள்ளே விடுவதில்லை.

போன மாதம் பாளையம்பட்டியில் அவள் இருந்த டவுன் பஸ்ஸில் சங்கரம்மாள் ஏறினாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அனுசியா நகர்ந்து இடம் விட்டாள். சங்கரம்மாள் பார்த்துவிட்டு, இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.