உள்ளே கை விட்டுப் பார்க்கிற காலுறை

கவின், தாரணி, கண்ணுகளா,

செவ்வாய்க்கிழமை நான் திருப்பூர் போய்வந்ததை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியை மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மை. போன மார்கழியில் என் குதிகாலில் வந்த புண், மண்வெட்டி பட்டதால் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தபோது பாதம் இரண்டும் சில்லிட்டிருந்தன. அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தேன். சுட்டது எனக்குத் தெரியவில்லை. கொப்புளத்தை உங்கள் அம்மாதான் பார்த்தாள். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்.

“நெருப்பு, சுடுதண்ணி ரெண்டும் வேண்டாங்க. சாக்ஸ் போட்டுக் கதகதப்பா வெச்சுக்கங்க. இறுக்காத சாக்ஸா இருக்கோணும். இன்னொரு புண்ணு வந்தா, விரலையே எடுக்கற மாதிரி ஆயிரும்” என்றார்.

நான் என்ன செய்தேன்? கவினின் பழைய வெள்ளைப் பள்ளிக்கூட சாக்ஸை மாட்டிக்கொண்டேன். அதன் ரப்பர் காலைச் சுற்றிப் பள்ளம் விழும்படி இறுக்கியது. அதைப் பார்த்துதான் உங்கள் தண்டபாணி மாமா, தான் வேலை செய்யும் சாக்ஸ் கம்பெனிக்கு என்னை வரச்சொன்னார்.

காலை 6.40. கொமரலிங்கத்தில் பஸ் ஏறினேன். உடுமலைக்குப் பதினைந்து ரூபாய். அங்கே திருப்பூர் பஸ். பட்டை வார் செருப்புக்குள் சாக்ஸ் போட்டிருந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, இந்த பஸ்ஸு ஊட்டிக்குப் போவாதுங்களே.”

“வீரபாண்டிப் பிரிவுங்க.”

“அங்க குளிர் சாஸ்திங்களா?” என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். குடிமங்கலம் தாண்டி, காற்றாலைகள் சுற்றுகிற பொட்டல் வரும்வரை நான் காலை சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தேன்.

9.30. வீரபாண்டி. கம்பெனி வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

உள்ளே வரிசையாக மெஷின்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் டம்ளர் வாயளவு ஒரு வட்டம். அந்த வட்டம் முழுக்க ஊசிகள். மேலேயிருந்து பல நிற நூல்கள் இறங்குகின்றன. நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காற்று உறிஞ்சிய குழாய் வழியாக ஒரு சாக்ஸ் பொத்தென்று கீழே விழுந்தது. குதிகால் வளைவுகூட அதில் இருந்தது. யார் அந்த இரும்புக்குக் குதிகாலைச் சொல்லிக்கொடுத்தது?

அடுத்த அறையில் நான் நின்றுவிட்டேன். தகட்டுக் கால்கள், முழங்காலுக்குமேல் ஆளே இல்லாமல், பாதத்தை மேலே தூக்கி வரிசை வரிசையாக நின்றன. சாக்ஸை அவற்றுக்கு மாட்டி நீராவிக்குள் அனுப்பி வடிவம் பிடிக்கிறார்கள்.

“பயந்துட்டீங்களா மச்சான்? இதுகளுக்கு ஒரு நோயும் வராதுங்க” என்றார் தண்டபாணி.

கடைசி மேஜையில் செல்வராணி என்று ஒரு பெண். கோவில்பட்டிப் பக்கம். ஒவ்வொரு சாக்ஸுக்குள்ளும் கையை விட்டு, விரல் நுனி வரைக்கும் புறங்கையால் தடவுகிறாள். சிலதை ஒதுக்கி வீசுகிறாள். ஒதுக்கியதில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எனக்குக் குறையே தெரியவில்லை.

“உள்ள ஒரு முடிச்சு இருக்குண்ணே. கடுகுல பாதி. உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும், அதான் புறங்கை.”

“கடுகுல பாதிக்கா தூக்கிப் போடறீங்க?”

“இது மரத்துப்போன காலுக்குப் போற உருப்படிண்ணே. போடறவங்களுக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியணும்.”

அவள் முகம் பார்க்காத யாரோ ஒருவரின் கால். அதற்காக நாள் முழுக்க அந்தக் கை உள்ளே போய்ப் போய் வருகிறது. கையிலிருந்த சாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று, “அடிப்பக்கம் மட்டும் ஏனுங்க வெள்ளை?” என்றேன்.

“ரத்தம் பட்டாத் தெரியணும்ல.”

சும்மாதான் என் காலைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை சாக்ஸின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, சிவப்பாக ஒரு பொட்டு.

தண்டபாணி வாசலுக்கு ஓடி என் செருப்பை எடுத்துவந்தார். ஒரு வேலாமுள் அடியில் ஏறி, மேலே நுனி நீட்டிக்கொண்டிருந்தது. நம் வரப்பில் மிதித்ததாகத்தான் இருக்கும். அதன்மேல் காலை வைத்துத்தான் மூன்று மணி நேரம் பயணம் செய்திருக்கிறேன்.

“ஆழமா இறங்கலண்ணே. ஆனா இப்பவே போயி மருந்து போடுங்க” என்றாள் செல்வராணி. சிரிப்பு இல்லை. தேர்ந்தெடுத்த மூன்று ஜோடியைத் தண்டபாணியிடம் கொடுத்தாள். விலை கேட்டால் சொல்லவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் கழுவி, மருந்து வைத்து, ஊசி போட்டார்கள். “இன்னிக்கே பாத்ததால தப்பிச்சீங்க. தெனமும் காலைப் பாருங்க” என்றார் நர்ஸ். மதியம் 1.10க்குத் திரும்பும் பஸ். வழியெல்லாம் யோசித்தேன். உங்கள் இருவரின் காலில் முள் தைத்தால், எட்டு வீடு கேட்க அழுவீர்கள். அந்த அழுகை எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது.

நான் வீடு சேர்ந்தபோது நீங்கள் பள்ளியிலிருந்து வரவில்லை. அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, காலை மடித்தேன். முதுகு வளையவில்லை, விரல் பக்கம் தவிர அடிப்பாதம் தெரியவில்லை. போனை எடுத்து, காலுக்குக் கீழே நீட்டி, ஒரு படம் பிடித்தேன். நாற்பத்து நான்கு வயதில் என் உள்ளங்காலை முழுசாகப் பார்த்தது அன்றுதான். இரண்டு விரலால் பெரிதாக்கி, குதிகாலில் தொடங்கி, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே போனேன்.