சகல அவகாசமும்

உச்சிமாகாளிக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே, இரண்டு நாற்காலி போடும் அளவு இடத்தில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மனைவி ஆவுடைத்தாயின் சங்கிலி, வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவனின் பழைய கேமராவாக மாறியிருந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில், வித்துராவில் ஒரு கல்யாணத்துக்காகப் போனவன் கல்லாற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்தான். தோளில் ரெக்கார்டர் தொங்க, மேட்டில் நின்று முப்பத்தெட்டு நிமிஷம் எடுத்தான். முதலில் ஆறு ஏறியது. பிறகு ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்தது. உள்ளே அந்த மலையடிவாரத்து ஆசிரமத்தின் சாமியார். பாலத்தருகே எஸ்டேட் ஜனங்கள், நிறைமாதக்காரி ஒருத்தியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காரை மறித்துக் கும்பிட்டார்கள். சாமியார் மோதிரம் போட்ட தன் கையாலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஹாரன் அடித்துக்கொண்டு கார் பாலத்தைத் தாண்டிப் போயிற்று. கால்மணி நேரத்தில் பாலமும் போயிற்று. அதற்கப்புறம் பிச்சைக்கனி. எஸ்டேட்டில் மூட்டை தூக்குகிறவன். பலாமரத்தில் வடத்தைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கி, நிறைமாதக்காரியையும் சேர்த்துப் பதினொரு பேரைக் கரையேற்றினான். எல்லாம் நாடாவில் பதிந்திருந்தது.

மூன்றாம் நாள் சத்தியதாஸ் படிக்கட்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்தான். நெய்யாற்றின்கரை வரைக்கும் அவனுக்கு கேசட் கடைகள். தமிழும் மலையாளமும் ஒன்றுபோல் பேசுவான்.

"டேய் மாகாளி, இதை ஒரு காப்பி எடுத்துக்கிடுதேன். நாடு முழுக்கக் காட்டுவோம். நின்றெ பேரும் வரும், கேட்டோ?"

ஒரு காகிதத்தை நீட்டினான். மலையாளம். படிக்கச் சொன்னதற்கு அவனே உரக்கப் படித்தான். "இதின்றெ சகல அவகாசவும் சத்தியதாஸினு."

உச்சிமாகாளி யோசித்தான். "எதுக்கு அண்ணாச்சி அவ்வளவு அவகாசம்? காப்பி எடுக்க ஒரு வாரம் பத்தாதா?"

சத்தியதாஸ் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "கெடக்கட்டும் டேய். அவகாசம் கூடுதல் இருந்தா நல்லதல்லே?"

உச்சிமாகாளி தமிழில் கையெழுத்துப் போட்டான்.

ஒரே மாசத்தில் கேசட் கடைக்குக் கடை வந்துவிட்டது. ஆறு ஏறுகிறது. உடனே, வேறெங்கோ எடுத்து ஒட்டிய சாமியாரின் உயர்த்திய உள்ளங்கை, பின்னால் மணியோசை. ஆறு வடிகிறது. காரும் இல்லை, பிச்சைக்கனியும் இல்லை. கண்ணாடியை ஏற்றிய கை, வெள்ளத்தை நிறுத்திய கையாகிவிட்டது. ஜனங்கள் டிவிக்கு முன்னால் கற்பூரம் காட்டினார்கள். கண்ணெதிரே நடந்ததை மறக்க மனிதர்களுக்கு முப்பது நாள் போதும், அதற்கு ஒரு பெட்டியும் ஒரு மணியும் இருந்தால்.

பிச்சைக்கனி பஸ் ஏறித் தம்பானூர் வந்தான். வடம் அறுத்த தழும்பு இடுப்பைச் சுற்றி இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"அண்ணே, நான் ஆத்துல எறங்குனேனா இல்லையா?"

"எறங்குனே."

"சாமி காப்பாத்துனதை நான் காப்பாத்துனதாச் சொல்லிக்கிட்டுத் திரியுதேனாம். நான் தூக்கிவிட்ட பயலே சொல்லுதான். என் மகளைப் பள்ளிக்கூடத்துல பொய்யன் மகள்ங்காங்க. நீ பாத்தேல்லா? அதைப் போட்டுக் காட்டு."

உச்சிமாகாளி வித்துரா சந்தையில் வாடகை டிவியை வைத்து ஒரிஜினலைப் போட்டான். பத்தே நிமிஷத்தில் போலீஸ் வந்தது. கூடவே சத்தியதாஸின் ஆள், கையில் அந்தக் காகிதம். டிவியையும் உச்சிமாகாளியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கேசட்டை, கூட வந்திருந்த ஆவுடைத்தாய் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவனை மறுநாள் வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சில் இருத்தி, அடுத்தவன் சொத்தைக் காட்டினால் உள்ளே போடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவன் வஞ்சியூர் கோர்ட் அருகே ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனான். அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தவள் விஜயம், கரமனை அக்ரஹாரத்துப் பெண். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை யார் வாசிச்சுக் காட்டினா உங்களுக்கு?"

"வாங்குனவர்தான்மா. அவகாசம் வேணும்னாரு. குடுத்தேன்."

"அட ராமா! நம்ம தமிழ்லே அவகாசம்னா நேரம். மலையாளத்துலே உரிமைன்னா அர்த்தம். சகல உரிமையையும் எழுதிக் கொடுத்திருக்கேள்."

உச்சிமாகாளி காகிதத்தை வாங்கி மடித்தான். 'அவகாசம் கூடுதல் இருந்தா நல்லதல்லே?' அந்தச் சிரிப்பு அப்போதுதான் அவனுக்கு முழுதாகக் கேட்டது.

அன்றிலிருந்து அந்த ஊர் அவனைச் சும்மா விடவில்லை. உரிமை கேட்டு செக்ரட்டேரியட்டுக்கு ஊர்வலம் போகாத நாள் உண்டா? ஆயிரம் தொண்டைகள் அதே சொல்லைக் கூவிக்கொண்டு லாட்ஜ் வாசலைக் கடந்தன. ஒவ்வொரு தடவையும் அவன் பல்லைக் கடித்தான். ஆவுடைத்தாய், "மறந்து தொலைங்களேன்" என்பாள். அவன் மறக்கவில்லை. மலையாள எழுத்து படித்தான், முதல் வகுப்புப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு. கேசட்டை அரிசிப்பானைக்குள் ஈரம் படாமல் வைத்தான். நாடா அவனிடம், உரிமை சத்தியதாஸிடம். காத்திருந்தான்.

மூன்றாம் மழைக்காலத்தில் சத்தியதாஸின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. வாடகைக்குப் போன கேசட்டுகளும் தேய்ந்து புள்ளியும் கோடுமாய் ஓடின. அந்த நேரம் பார்த்து சாமியாருக்கு அறுபதாம் பிறந்தநாள். நகர மண்டபத்தில் எட்டு டிவி வைத்து வெள்ளத்தைக் காட்டப்போவதாக அழைப்பிதழ் அடித்தாயிற்று, மந்திரி வேறு வருகிறார். சத்தியதாஸ் மறுபடி படிக்கட்டுக்குக் கீழே வந்தான்.

"அந்த ஒரிஜினல் உண்டோடேய்? எத்தனை ரூபா வேணும்?"

"ரூவா வேண்டாம் அண்ணாச்சி. ஒரு பேப்பர்ல ஒப்பு போடணும்."

விஜயம் மலையாளத்தில் அடித்த காகிதம் தயாராக இருந்தது. இந்த முறை உச்சிமாகாளி தானே, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தான். இதின்றெ சகல அவகாசவும் உச்சிமாகாளிக்கே. பழைய பத்திரம் ரத்து. சத்தியதாஸுக்கு ஒரே நாள், ஒரே மண்டபம், ஒரே தடவை காட்ட அனுமதி. காப்பி எடுக்கக் கூடாது. வெட்டாமல் முதலிலிருந்து கடைசிவரை ஓடவேண்டும். ஓட்டுகிறவன் உச்சிமாகாளி.

"நீ வாசிக்கப் படிச்சு போயல்லோ!" சத்தியதாஸ் சிரித்தான். விழாவுக்கு இரண்டே நாள்தான் இருந்தது. கார் வரும் இடத்துக்கு முன்னால் கம்பியை இழுத்துப் பிடுங்கினால் டிவி தானாக நிற்கும் என்று கணக்குப் போட்டிருப்பான். கையெழுத்துப் போட்டான்.

விழாவன்று மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மந்திரி, மேடையில் சாமியார். பின்சுவரில் சாய்ந்து பிச்சைக்கனி, பக்கத்தில் அவன் மகள். வீடியோ டெக்கையும் பிளக்கையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அதன் மேலேயே உச்சிமாகாளி உட்கார்ந்திருந்தான். சாவி ஆவுடைத்தாயின் சேலை மடிப்பில்.

எட்டு டிவியிலும் ஆறு ஏறியது. ஜனங்கள் எழுந்து கை கூப்பினார்கள். உள்ளங்கை வரவேண்டிய இடத்தில் அம்பாசிடர் வந்தது.

யாருக்கும் முதலில் புரியவில்லை. நிறைமாதக்காரி கும்பிடுகிறாள். கார் ஜன்னலில் ஒரு கை கண்ணாடியை ஏற்றுகிறது. எட்டு டிவியிலும் அதே கை, அதே மோதிரம். ஜனங்கள் திரும்பி மேடையைப் பார்த்தார்கள். சாமியார் கையைக் காவித் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். மந்திரியின் உதவியாளர் குனிந்து ஏதோ சொன்னார், மந்திரி எழுந்தார்.

சத்தியதாஸ் விழுந்தடித்து ஓடிவந்தான். பெட்டியைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. மலையாளமெல்லாம் எங்கோ போய்விட்டது. சுத்தமான தமிழில் கெஞ்சினான்.

"மாகாளி, நிறுத்துடா. மந்திரி வெளியே போறவரைக்கும். கொஞ்சம் அவகாசம் குடுடா!"

உச்சிமாகாளி மூன்று வருஷமாக ஒரு சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நிதானமாகக் கொடுத்தான்.

"அவகாசமா? அது பூராவும் எங்கிட்டல்லா இருக்கு அண்ணாச்சி. எழுத்துல இருக்கு. உமக்கு ஒரு துளி தரமாட்டேன்."

பிச்சைக்கனி வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். பத்தாவது ஆள் ஏறும்போது மேடை காலியாகியிருந்தது. பின்சுவரோரம் அந்தப் பெண்குழந்தை, தன்னைச் சுற்றி நின்றவர்களிடம், "அது எங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை சொல்ல அவசியமே இல்லாதபோதும் சொன்னாள்.

சத்தியதாஸ் ஆறு மாசம் கழித்து, அந்த நாடாவை வாங்கிக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினான். அப்புறமும் இரண்டு தடவை. உச்சிமாகாளி விற்கவில்லை, இரவல்கூடக் கொடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் வித்துரா சந்தையில் தானே போட்டுக் காட்டினான். சாமியாரின் கார் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு தடவை போடுவான்.