பதினான்காம் இலக்கத்தின் பல்வலி

போன கிழமை இறங்குதுறைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடையொன்றுக்குத் தண்ணீர் சோதிக்கப் போயிருந்தேன். அதுதான் என் தொழில். குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஏந்தி, மருந்து வில்லையைப் போட்டுக் குலுக்கினேன். தண்ணீர் மெல்ல ரோஜா நிறமானது. குளோரின் அளவு சரி. முன்பென்றால் கொப்பியில் எழுதுவேன். இப்போது கையில் ஒரு ரப்லெட் கணினி தந்திருக்கிறார்கள். இலக்கம், திகதி, இடம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, 'முடிவு' என்ற கட்டத்தைப் பிறகு பார்ப்போம் என்று அடுத்த பக்கம் போகப் பார்த்தேன். விடவில்லை. கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு நின்றது.

அந்தக் கட்டத்தோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. அன்றைக்கு நான் நின்ற இடமும் அதற்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. அந்தக் கடையில் கை கழுவும் தொட்டி இருக்கிற இடத்தில்தான், யுத்த காலத்தில், மண்மூட்டை அடுக்கிய சோதனைச்சாவடி இருந்தது. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஆட்கள் இருக்க ஒரு மர வாங்கு. அந்த வாங்கில் நான் ஒரு நாள் மணிக்கணக்கில் இருந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தொழினுட்பக் கல்லூரி முடித்துத் தண்ணீர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம். கிழமையில் இரண்டு நாள் காலை லோஞ்ச் படகில் மூதூர்ப் பக்கம் போய், கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து மத்தியானத்துக்கு முன் திரும்பவேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேராத மாதிரி செத்த மாதிரி. இறங்குதுறையில் சோதிப்பார்கள். சேர்ந்த புதிதில் ஒரு சிப்பாய் போத்தலை எடுத்து நீட்டி, "குடி" என்றான். அந்த நாளில் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போகிற எல்லோரையும் அப்படிக் குடித்துக் காட்டச் சொல்வது வழக்கம். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"குடிக்க ஏலாது. குடிக்கலாமோ எண்டு பாக்கத்தான் கொண்டு போறன்."

அந்த ஒரு சொல்லைத் தவிர அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்துவிட்டு விட்டான். அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. நான் பதிவுக் கொப்பியைக் கொடுப்பேன், அவர்கள் கொப்பியில் உள்ள இலக்கங்களையும் போத்தல்களையும் எண்ணிச் சரி பார்ப்பார்கள், போகலாம்.

கொப்பி என்றால் தடித்த நீல அட்டை போட்ட சி.ஆர். கொப்பி. எனக்கு எதையும் கட்டம் கட்டி எழுதினால்தான் மனம் அடங்கும். வீட்டில் சீனிப் போத்தலுக்குக்கூட நிரப்பிய திகதி ஒட்டி வைத்தவள் நான். ஆகவே, அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் நடக்கும் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு, ஜெபக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, அதற்கும் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். அதே நீல அட்டை. அதே கட்டங்கள். இலக்கம், திகதி, பெயர், இடம், விபரம், முடிவு.

"ஆண்டவருக்கும் றெஜிஸ்ரரோ பிள்ளை?" என்று புஷ்பம் ரீச்சர் கேட்டா. எங்கள் தெருவில் இருந்தவ. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைத் திருத்தியதும் அவதான். "அவர் மறந்துபோடுவார் எண்டு பயமோ?"

"அவர் மறக்கமாட்டார் ரீச்சர். நாங்கள்தான் கேட்டதை மறந்துபோய், கிடைச்சதும் தெரியாமத் திரியிறம்."

இந்தப் பதிலில் எனக்கு அப்போது நல்ல பெருமை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஐந்தாறு பெண்கள்தான். ஊரடங்குக்குப் பயந்து பின்னேரம் நாலு மணிக்கே தொடங்கிவிடுவோம். அம்மாவின் தேத்தண்ணீர் மணக்கும். கொப்பியில் எல்லாம் இருக்கும். தம்பலகாமத்தில் யானை மதிலை உடைத்துப்போட்ட வீடு, வெருகல் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து வாடகை வீடு தேடுகிற குடும்பம், ரீச்சரின் முழங்கால், யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனை. முதலாம் இலக்கம் மட்டும் மாறாது. ஜெயசீலன், வயது பத்தொன்பது. எங்கள் கூட்டத்து றோசம்மா அன்ரியின் ஒரே மகன். ஒரு சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்ரி ஏறாத முகாம் இல்லை. எல்லா வாசலிலும் ஒரே பதில்: அப்படி ஒருவர் இங்கே இல்லை.

ஒரு புதன்கிழமை, எழுதி முடித்துவிட்டு மூடப் போன நேரம், றோசம்மா அன்ரி கையைக் காட்டி மறித்தா.

"பொறு பிள்ளை. இன்னொண்டு இருக்கு. ஜெற்றிச் சென்றியில நிக்கிற பொடியனுக்குக் கன்னம் வீங்கிக் கிடக்கு. மூண்டு நாளாத் துவாயால கட்டிக்கொண்டு நிக்கிறான். எழுது."

ரீச்சர்தான் தொடங்கினா. "றோசம்மா, உமக்கு விசரோ? சீலனைக் கொண்டுபோனது ஆர்?"

"அவங்கள்தான். நான் மறந்தனானோ?"

"பிறகென்ன?"

"அவங்களை மன்னிச்சுப்போட்டன் எண்டு நான் சொல்லேல்லையே ரீச்சர். பல்லு நோகுது எண்டுதான் சொன்னனான். எழுது பிள்ளை."

எனக்கு விருப்பமில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பல் இன்னும் நாலு நாள் நோகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் குறிப்பெழுதுகிறவள் தெரிவு செய்யக்கூடாது. எழுதினேன். எழுதும்போதுதான் என் தொழிற்பழக்கம் கையைப் பிடித்தது. நானும் அவனை இறங்குதுறையில் கண்டிருந்தேன், ஆனால் பெயர் தெரியாத ஆளை எப்படி அடையாளம் குறிப்பது? இலக்கம் 14. இறங்குதுறைச் சோதனைச்சாவடிச் சிப்பாய். இடது கன்னம் வீக்கம். காலை ஆறு தொடக்கம் இரண்டு வரை காவல்.

அடுத்த நாள் மூதூரிலிருந்து நாலு போத்தலோடு வந்து இறங்கினேன். கொப்பியை நீட்டினேன். வழக்கமான சிப்பாய் இல்லை. அன்றைக்கு ஓர் அதிகாரி வந்து நின்றார், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். கொப்பியைத் திறந்தார். போத்தலைப் பார்த்தார். திரும்பக் கொப்பியைப் பார்த்தார்.

"மிஸ், போத்தல் நாலு. இதில பதினாலு. தண்ணி எங்க? இது ஆள் பேர்."

ஒரே நீல அட்டை. தண்ணீர்க் கொப்பி வீட்டு மேசையில் கிடந்தது.

அந்த நாளில் பெயர்ப் பட்டியல் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு துண்டில் பெயர் இருந்ததற்காக ஆட்கள் காணாமல் போன காலம். என் கையில் இருந்ததோ முழுப்பெயர், முகவரி, திகதியோடு.

"இது ஜெபம் பண்ற லிஸ்ற், சேர். நாங்கள் வேதக்காரர். இந்த ஆக்களுக்காக ஜெபம் பண்ணுறனாங்கள்."

அவர் விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டு போனார். பதினான்கில் விரல் நின்றது. சிப்பாயைக் கூப்பிட்டார். துவாய் கட்டிய கன்னத்தோடு அவன் வந்து நின்றான். அதிகாரி அந்த வரியைச் சிங்களத்தில் சொல்ல, அவன் தன்னை அறியாமல் கன்னத்தைத் தொட்டான். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. அதிகாரிக்கு வரவில்லை.

"சரி. ஜெபத்துக்கு டியூட்டி ரைம் என்னத்துக்கு?"

எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுவது என் பழக்கம் என்று சொன்னேன். அதை ஒரு காவற்காரன் நம்பவேண்டும் என்று எதிர்பார்ப்பது, இப்போது யோசித்தால், கொஞ்சம் அதிகம்தான்.

கொட்டகைக்குள் இருக்கச் சொன்னார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. கொப்பி எதிரே மேசையில் கிடந்தது. ஐஸ் உருகிப் பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக வாங்குக்குக் கீழே ஓடியது. நான் ஜெபம் பண்ணினேன். என்னை வெளியே விடும் என்று கேட்டேன். பிறகு வெட்கப்பட்டு, அந்தப் பெயர்களை மறைத்துவிடும் என்று கேட்டேன். அவர்களுடைய கண்ணுக்கு எழுத்து விளங்காமல் போகட்டும் ஆண்டவரே. ஆனால் புஷ்பம் ரீச்சர் திருத்திய கையெழுத்து. அச்சு மாதிரி நின்றது.

ஆண்டவர் நடத்துவார் என்று நாங்கள் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அதுவரை நான் அதை லோஞ்ச் நேரத்துக்கு வருவது, காய்ச்சல் மாறுவது, வேலை கிடைப்பது போன்ற காரியமாகத்தான் எண்ணியிருந்தேன். கேட்டேன், கிடைத்தது, முடிவு என்ற கட்டத்தில் ஒரு சரி. அந்த வாங்கில் இருந்தபோது சரி போட எதுவும் இல்லை. கேட்டதற்கு நேர்மாறாகத்தான் நடக்கப்போகிறது என்பதும் எனக்குத் தெரியாது.

லோஞ்சில் ரிக்கெற் கிழிப்பவர் ரீச்சரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். ஒரு மணியளவில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ரீச்சர், அம்மா, றோசம்மா அன்ரி என்று மூன்று பேரும் இறங்கினார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தெருவில் நின்றார்கள். சிப்பாய்கள் போகச் சொன்னார்கள். போகவில்லை.

"அந்தக் கொப்பி எங்கட," என்று அன்ரி வேலிக்கு மேலால் சொன்னா. "அதில என்ன இருக்கெண்டு எங்களுக்கு மனப்பாடம். நீங்கள் கொப்பியைப் பாருங்கோ தம்பி, நாங்கள் சொல்லுறம். பிழையெண்டால் எங்களையும் பிடியுங்கோ."

பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடாமல், அதிகாரியைப் பார்த்தபடி ஜெபம் பண்ணத் தொடங்கினா. முதலாம் இலக்கம். என்ர மகன் ஜெயசீலன், வயது பத்தொன்பது, கூட்டிக்கொண்டு போன இடம் தெரியாது ஆண்டவரே. இரண்டாம் இலக்கத்தை ரீச்சர் சொன்னா. மூன்றாம் இலக்கத்தை அம்மா. தெருவில் போகிற சைக்கிள்கள் நின்றன. நான் மறைக்கச் சொல்லிக் கேட்ட பெயர்கள் எல்லாம் இறங்குதுறை முழுக்க உரத்துக் கேட்டன. அதிகாரி கொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருடைய விரல் அவர்களோடு சேர்ந்து இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். தம்பலகாமத்து மதில். ரீச்சரின் முழங்கால். கடைசியில் அன்ரி சொன்னா:

"பதினாலு. இந்தா நிக்கிற இந்தப் பொடியன்ர பல்லு."

சிப்பாய் நிலத்தைப் பார்த்தான்.

காவல் நேரத்தை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. அது என்னுடைய அழகு வேலை. அதிகாரி என் பக்கம் திரும்பி, "இனி டியூட்டி ரைம் எழுதவேணாம்" என்றார். "போங்க." கொப்பியைக் கேட்டேன். தரவில்லை. ஆறு மணித்தியாலம் கடந்துபோன நாலு போத்தலையும் அவர்கள் முன்னாலேயே திறந்து நிலத்தில் ஊற்றினேன். அடுத்த நாள் அதே லோஞ்சில் அதே கிணறுகளுக்குத் திரும்பப் போனேன்.

ஆனால் கொப்பி அவர்களிடம் இருந்தது. அந்த ஒரு கிழமையும் நான் நித்திரை கொண்டதாக ஞாபகம் இல்லை. நினைத்தது போலவே முகாமிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், றோசம்மா அன்ரி வீட்டுக்கு. அடுத்த புதன்கிழமை அவவே சொன்னா.

"ஜெயசீலன் எங்கயெண்டு கேட்டாங்கள். அதைத்தானே நானும் கேக்கிறன், உங்கட ஆக்கள்தானே கொண்டுபோனது எண்டு சொன்னனான். ஒண்டும் பேசாமப் போட்டாங்கள்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினா. "பிள்ளை, இவ்வளவு நாளும் அப்பிடி ஓராள் இல்லையெண்டவங்கள். இப்ப அவங்கட வாயாலயே அவன்ர பேர் வந்திட்டுது."

அதற்கு என்ன அர்த்தம் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவவும் அதைப் பெரிதாக்கவில்லை. நான் புதிய கொப்பி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன், இந்தத் தடவை சிவப்பு அட்டை. முதலெழுத்து மட்டும் எழுதலாம் என்றா ரீச்சர். நான் இலக்கம் மட்டும் போதும் என்றேன். பயந்த மூன்று பேர் தங்கள் பெயர்களை எடுக்கச் சொன்னார்கள்; எடுத்தோம், ஒருவரும் குறை சொல்லவில்லை. றோசம்மா அன்ரி மட்டும் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டா.

"என்ர பிள்ளையை முழுப்பேரில எழுது. ஆண்டவருக்கும் மறைக்க எனக்கு ஒண்டுமில்லை, அவங்களுக்கும் மறைக்க ஒண்டுமில்லை."

எழுதினேன். அந்த எழுத்துத்தான் அந்தக் கொப்பியிலேயே திருத்தமான எழுத்து.

பல்வலிச் சிப்பாயின் முடிவை அன்ரியே ஒரு நாள் கொண்டுவந்தா. "பல்லைப் பிடுங்கிப்போட்டாங்களாம். வாயைத் திறந்து காட்டினவன்." அந்தக் கட்டத்தில் சரி போட்டேன். கொஞ்ச நாளில் அவனையும் வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள்.

இப்போது மண்மூட்டையும் இல்லை, தகரக் கொட்டகையும் இல்லை. யுத்தம் முடிந்து, அந்த முகாமை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நீலக் கொப்பியைத் திருப்பித் தரும்படி கடிதம் எழுதினேன். பதில் வந்தது. அப்படி ஒரு கொப்பி இங்கே வந்ததில்லை. வாசித்துவிட்டு அன்ரியிடம் காட்டினேன். அவ சிரித்தா. "எனக்குத் தந்த மறுமொழிதான். ஆளையும் கொப்பியையும் ஒரே மாதிரித்தான் எழுதுவினம்." சீலனுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னபோதும், அவ கையெழுத்து வைக்கவில்லை. வைக்காமலே இரண்டு வருசத்துக்கு முன்னர் காலமாகிவிட்டா. ரீச்சர் வெளிநாட்டில், மகளோடு. புதன்கிழமை நாலு மணிக்கு அம்மாவும் நானும் மட்டும்தான் இருக்கிறோம், இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரோடு.

கடையில் அந்த ரப்லெட் இன்னும் சிவப்புக் கோட்டோடு நின்றது. 'நன்று' என்று அழுத்திவிட்டுக் கை கழுவினேன். வீட்டில் சிவப்புக் கொப்பி இருக்கிறது. முதலாம் இலக்கம், ஜெயசீலன், வயது பத்தொன்பது. முடிவு என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. கேட்டவ இல்லை, கேட்டது இருக்கிறது. புதன்கிழமை நான் அந்தப் பெயரை உரத்துத்தான் வாசிக்கிறேன்.