கடைசி இலக்கம் பூஜ்யம்

விதி தெளிவானது. கணினி எழும்போது ரூட் கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற மூலப் பதிவேட்டை, முதலில் படிக்க மட்டுமே திறக்க வேண்டும். சோதித்துப் பழுது நீக்கிய பிறகே அதில் எழுத விடலாம். அமைப்புக் கோப்பில் அதற்குரிய வரியின் கடைசி இலக்கம் ஒன்று என்றிருந்தால் சோதனை நடக்கும். பூஜ்யம் என்றால் நடக்காது. அலுவலகம் முழுவதற்கும் இதைச் சுற்றறிக்கையாக எழுதியவன் நான். என் வீட்டுக் கணினியில் இருந்தது பூஜ்யம்.

எங்கள் உச்சிப்புளிப் பக்கம் கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. போய் வந்த ஒவ்வொரு முறையும் கணினி நிதானமாகச் சோதனை செய்யும். ஞாயிறு காலைகளில் என் மனைவி மைக்கைப் பிடித்தபடி காத்திருப்பாள். மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு வாராவாரம் பேசிப் பதிவு செய்து அனுப்புவது அவள் வழக்கம்.

"இது எந்திரிக்கிறதுக்குள்ள சொல்ல வந்ததே மறந்து போகுது" என்றாள் ஒருநாள். ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டேன். பணிக்காலம் முழுவதிலும் யாருக்கும் காட்டாத சலுகை.

மனைவி இறந்த பிறகு மகளுக்கும் எனக்கும் பேச்சு வற்றிவிட்டது. முன்பெல்லாம் மகள் அழைத்தால் "இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பது மட்டுமே எனக்குப் பழக்கம். பின் ஒரு செய்தி வந்தது: "அய்யா, போன் மாத்தினதுல அம்மா பேசினதெல்லாம் போச்சு. கம்ப்யூட்டர்ல இருக்கா?"

கணினியைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வரி: பழுது அதிகம், கையால் சோதிக்கவும். மின்சாரம் போய் வந்தபோதெல்லாம் சோதிக்காமலே எழுந்ததில் பழுது சேர்ந்திருந்தது.

வட்டை முதலில் படியெடுத்தேன். சோதனையைப் படியில்தான் நடத்த வேண்டும். இந்த முறை எந்த விதியையும் விடவில்லை. சவூதியில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பொட்டி இன்னும் கண்ணு முழிக்கலையா?"

"நடுவுல கரன்ட் போனா திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அட, எங்க இன்வெர்ட்டர்ல ஒரு வயரை இழுத்துக்கங்க. மனுவெல்லாம் எழுத வேணாம், வாயால கேட்டாப் போதும். ஒங்களுக்குத்தான் அது வராதே!"

கேட்டேன். வயர் வந்தது.

பெயரையும் இடத்தையும் இழந்த கோப்புகளைச் சோதனை ஒரு தனி அடைவில் எண்ணிட்டுப் போட்டுவைக்கும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரைச்சல், மௌனம், பாதி வார்த்தை. ஒன்றுதான் முழுதாக ஓடியது.

"காத்து தூக்குது தாயி. துணியெல்லாம் பறந்து அங்கன வேலியில கெடக்கு. ஒங்க அய்யா இங்கன சாமி மாதிரி ஒக்காந்திருக்காரு. சரி, வச்சிரவா... ஏங்க, எதை அமுக்குனா இது நிக்கும்?"

பின்னால் ஓர் ஆண் குரல்: "ரெண்டாவது பொத்தான்."

மீண்டது இது ஒன்றுதான், மற்றவை போனது என் பிழையால், என்று குறிப்பெழுதி அனுப்பினேன். நாட்கள் போயின. நினைவூட்டுக் கடிதம் எழுத எனக்குத் தெரியும். எழுதவில்லை. 

பிறகு மகளின் பதில் வந்தது: "அய்யா, கடைசியில ஒங்க குரலும் இருக்கு. இன்னும் கொஞ்சம் பேசி அனுப்புங்க."

அன்று, இறந்தவர்களுக்குத் திதி கொடுக்கும் ஆடி அமாவாசைக்கு மறுநாள், அவள் அம்மாவின் மைக்கை எடுத்தேன்.