மிக்கேல் சம்மனசின் துருக்கி வாள்

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் துருக்கி வாள் வைத்திருந்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். தண்ணீர்க் குடத்தில் ஓட்டை. அதனால் என்ன, வாள் இருந்ததே. மெட்ராஸில் ஏலக்கடை எழுத்தராக இருந்த அப்பா, யாரோ பங்களாவைக் காலி செய்தபோது வாங்கி, கோணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார்.

வளைந்த வாள். அலகு நெடுகத் தங்கக் கம்பி இழைத்த எழுத்துகள், பிடியில் பவழம். சண்டைக்கானதல்ல, தர்பாரில் இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதற்கானது என்பார் அப்பா. அம்மா ஒருநாள் சோதித்துப் பார்த்தாள்.

“ஒரு வெண்டிக்கா நறுக்க மாட்டேங்குது. இத்த வச்சிகினு இன்னா பண்றது?”

“சுல்தான் வூட்ல வெண்டிக்காயா நறுக்குவாங்க?”

பழம்பொருள் சேகரிக்கும் மெட்ராஸ் பெரியவர் ஒருவர் வந்து, அசல்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வேறு ஆசையே கிடையாது. எங்கள் படிப்பெல்லாம் அப்புறம். என்ன பொருள் என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. பார்த்ததும் அவர் மலைக்க வேண்டுமாம். பெரியவரோ நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார்.

அதற்குள் எங்கள் கோயில் திருவிழா வந்தது. சாத்தானை மிதித்து நிற்கும் வானதூதர்தான் மிக்கேல் சம்மனசு. தேரில் போகும் அவர் சுரூபத்தின் மரவாளைக் கரையான் அரித்திருந்தது. கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வந்து தலையைச் சொறிந்தார். ஊரே அண்ணாந்து பார்க்கும் என்ற நினைப்பில், அவர் கேட்பதற்கு முன்பே அப்பா வாளை எடுத்துக் கொடுத்தார். அன்று சாத்தானைத் தானே வென்றதுபோலத் தேருக்கு முன்னால் நடந்தார்.

மறுநாள் திருப்பிக் கேட்கப் போனார்.

“சம்மனசு கையில குடுத்தத யார்னா திருப்பிக் கேப்பாங்களா?” என்றார் உபதேசியார்.

எங்கள் ஊர் வழக்கம் அது. சுரூபத்துக்குப் போனது சுரூபத்துக்குத்தான். அப்பா வெறுங்கையோடு வந்தார்.

அதோடு விட்டதா? அடுத்த திருவிழாவுக்குச் சுரூபங்களுக்கு வண்ணம் பூச வந்தவர்கள், வாள் கறுத்திருக்கிறதே என்று பரிதாபப்பட்டு இரண்டு கோட் சில்வர் பெயின்ட் அடித்தார்கள். தங்கம், பவழம் எல்லாம் அதற்குள் போயின. பக்தி என்றால் அப்படி.

அப்புறம்தான் பெரியவருக்கு நேரம் கிடைத்தது. பெயின்ட்டையும் மீறி அவர் கண்ணுக்கு அசல் தெரியும் என்று நம்பி, அப்பா அவரைப் பீடத்தின் முன்னால் நிறுத்தி, “நீங்களே பாருங்க சார்” என்றார். பக்கத்தில் நானும் உபதேசியாரும் நின்றோம்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“சிலை பிரமாதம். அந்தத் தகரக் கத்திதான் கெடுக்குது. யார் வச்சது?”

“இவர்தான் சார் காணிக்கையா குடுத்தாரு” என்று உபதேசியார் பெருமையாக அப்பாவைக் காட்டினார்.

பெயின்ட்டுக்கு உள்ளே இருப்பதை அப்பா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்பா சம்மனசின் கையைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

“ஆமா சார்” என்றார். “தகரந்தான்.”