உருக்கக் கொடுக்கவிருந்த சிங்கத் தட்டு: மரக்காணம் போய் வந்த கதை

2006 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு மரக்காணம் போனேன். என்னோடு வங்கியில் வேலை பார்க்கும் சேகரின் தங்கை தனம், அங்கே ஓர் உப்பளக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர்கள் வீட்டுச் சாமி அலமாரியில் ‘சிங்கத்தம்மன்’ என்று கும்பிடும் வெண்கலத் தட்டு ஒன்று உண்டு. அம்மன் முகம் தேய்ந்துவிட்டதால், அடுத்த வெள்ளிக்கிழமை திண்டிவனத்துப் பத்தரிடம் கொடுத்து உருக்கி, புது அம்மன் முகமாக வார்க்கப் போகிறார்கள். சாப்பாட்டு வேளையில் இதைச் சொன்ன சேகர், “ஓரத்துல இங்கிலீஷ் எழுத்தெல்லாம் இருக்குதுடா” என்று சேர்த்தான். பழைய நாணயம், பதக்கம் என்றால் பைத்தியமாக அலைகிறவன் நான். அம்மனுக்கு எதற்கு இங்கிலீஷ்? அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

கோயம்பேட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்துகளில், மரக்காணத்தில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். சுமார் 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், 45 ரூபாய். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் அவ்வப்போது கடல் தெரியும். எனக்குக் கிடைத்தது வலப்பக்கம், அதுவும் மத்தியான வெயில் பக்கம்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் ஆட்டோ. நாற்பது ரூபாய்க்குப் பேசி முடித்தேன். “உப்பளத்துக்கா? ஒரு பாக்கெட் உப்பு மெட்ராஸ்ல கெடைக்கலியா சார்?” என்றார் ஓட்டுநர். தட்டு பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார். சாலையின் இரு பக்கமும் பாத்திகள். சுனாமி கொண்டுவந்த சேற்றை அள்ளவே போன பருவம் முழுக்கப் போய்விட்டதாம். இந்த வருடம்தான் மறுபடி ஒழுங்காக நீர் கட்டியிருக்கிறார்கள்.

நான் போனபோது தனத்தின் கணவர் ஏழுமலை வீட்டில் இல்லை. அரை மணி கழித்து முழங்கால் சேறோடு வந்தவரை, “விருந்தாளிய வரச் சொல்லிட்டு பச்சையப்பனாட்டம் எங்க ஓடிட்டீங்க?” என்று தனம் பிடித்துக்கொண்டாள். அது அந்த ஊர்ப் பழமொழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டைக் கையில் வாங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையை நிறைக்கும் வட்டம், நல்ல கனம். கையில் மலர் வளையத்தோடு நிற்கும் ஒரு பெண், முன்னால் சிங்கம். குங்குமமும் சந்தனமும் அப்பியிருந்தால் யாருக்கும் அம்மன்தான். ஆனால் அவள் பிரிட்டனை உருவகப்படுத்தும் பெண். முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் படையில் போய் இறந்தவர்களின் வீட்டுக்கு அனுப்பிய நினைவுத் தட்டு அது. ‘விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் உயிர் நீத்தார்’ என்று விளிம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் வார்த்திருப்பார்கள். வலப்பக்கம் ஒரு சிறு கட்டத்துக்குள் இறந்தவர் பெயர் இருக்கும் என்று அவர்களுக்கும் விளக்கினேன்.

அந்தக் கட்டம் ஏறக்குறைய வழுவழுவென்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அது போதாதென்று, வருடத்தின் முதல் உப்பை வாரியதும் ஒரு கைப்பிடி அதன் மேல் குவித்துப் படைப்பார்களாம். பச்சைப் பொடி பூத்துக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருப்பேன். தேய்த்த கை பக்தியில் தேய்த்தது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மெல்லிய தாளைக் கட்டத்தின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாக உரசினேன். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. ஜன்னலோரம் போய்ச் சாய்வெளிச்சத்தில் மறுபடி உரசினேன். எழுத்து எழுத்தாக வந்தது. சத்தமாகப் படித்தேன்: “பச்சையப்பன்.”

தனம் கணவனைப் பார்த்தாள். ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“எங்க தாத்தாவோட அண்ணன் சார் அவரு. ஆள் புடிக்கிறவன் கூட போனாரு, திரும்பல. ரங்கூன்ல வேற குடும்பம் வெச்சிக்கினாருன்னுதான் வூட்ல பேச்சு. வேலைக்கு டிமிக்கி குடுத்தா பச்சையப்பன்னுதான் திட்டுவோம்.”

“அவர் மனைவி?”

“அது சாவுற வரைக்கும் தாலிய கழட்டல. தபால்ல இந்த தட்டு வந்துது, அதுதான் பூஜையில வெச்சுது. வூட்டுக்காரரு திரும்பி வரணும்னு இதுகிட்டதான் வேண்டிக்குமாம்.”

கணவன் இறந்துவிட்டான் என்ற செய்தியையே தெய்வமாக வைத்து, அவன் உயிரோடு வரவேண்டும் என்று ஒரு பெண் ஆயுள் முழுக்க விளக்கேற்றியிருக்கிறாள். அந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை அவளுக்கு.

தனத்துக்கு வேறு பயம். “செத்தவங்க தட்டையா அண்ணா சாமி பக்கத்துல வெச்சிருந்தோம்?” என்றாள். அவளே எழுந்து, குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்து, தட்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து மாமனார் படத்துக்குக் கீழே வைத்தாள். “பத்தருக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க” என்றாள் கணவனிடம்.

இப்படி ஒன்று உங்கள் வீட்டிலோ போகிற இடத்திலோ கண்ணில் பட்டால், தயவுசெய்து பளபளப்பாக்காதீர்கள். புளி, எலுமிச்சை, பித்தளை பாலீஷ் எதுவும் கூடாது. உப்பு ஏறிய வெண்கலத்தை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, சில வாரங்கள் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு நன்றாக உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சு. பச்சைப் பொடி மறுபடி பூத்தால், அருங்காட்சியகத்தில் இந்த வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். தட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும். படைப்பிரிவு, இறந்த இடம் எல்லாம் தனியாகத் தேட வேண்டும். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. உப்பளம் பார்க்க மட்டும் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் வெள்ளை உப்பில் கண் கூசும். நிழல் என்று ஒன்று அங்கே கிடையாது.

அடுத்த வாரம் தை அமாவாசை. அன்று மத்தியானம் ஏழுமலை போன் செய்தார். கடற்கரையில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்ட கையோடு, தாத்தாவின் அண்ணனுக்கும் விட்டிருக்கிறார்.

“ஐயரு பேரு கேட்டாரு சார், சொன்னேன்” என்றார். “அந்தப் பேர எங்க வூட்ல திட்டாம சொன்னது இன்னிக்குத்தான்.”