பந்தலுக்குப் பந்தல் சிராப்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மலேசியாவின் கூலாய் ஊர்த் தைப்பூசத்தில் நான் குடித்த சிராப்புக்கு, அந்தச் சிவப்பு சர்பத்துக்கு, கணக்கே இல்லை. எல்லாம் சித்தியின் புண்ணியம்.

சித்திக்கு லூபஸ். உடம்பு தன்னோடு தானே சண்டை போடும் நோய். அதற்காக அவர் தினமும் மாத்திரை விழுங்கும் வழக்கம் என்னைவிட மூத்தது. அந்த வருஷம் அவர் கால்கள் தடித்தன. எங்கள் வீட்டில் யாரும் பயப்படவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தவருக்குச் சதை போட்டிருக்கிறது என்று பூரித்தார்கள். "இப்பதான் மருந்து உடம்புல ஒட்டுது லா," என்று அம்மா இன்னொரு கரண்டி சோறு வைப்பார்.

சித்தி பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை நடை, துணைக்கு நான். தண்ணீர்ப் பந்தல் எங்கே வந்தாலும் சித்தி தலையில் குடத்தோடு நிழலில் நின்றுவிடுவார். விரதம், அவர் ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். எல்லாம் எனக்குத்தான். "மெதுவா குடிமா, அவசரம் இல்ல," என்பார். சிராப், பார்லி, மோர், மறுபடி சிராப். பந்தல் இல்லாத இடத்தில், "ரிப்பன் அவுந்துடுச்சி பாரு, கட்டிக்கோ," என்பார். அவிழாத ரிப்பனை அவிழ்த்துக் கட்டுவேன்.

எங்களுக்குப் பின்னால் கிளம்பிய அம்மா முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தார். "இவ வயித்துக்காக சாமிய காக்க வச்சியா?" என்று சித்தியைக் கடிந்துகொண்டார். சித்தி பால் சிந்தாமல் குடத்தை இறக்கிவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் ஏப்பம் விட்டேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இத்தனை வருஷம் நோயை அடக்கிய மாத்திரையே இதயத்தைத் தளர்த்திவிட்டதாம். கால் தடித்ததும் சதையல்ல, நீர்தான். நடந்தால் மூச்சு முட்டியதைச் சொன்னால் குடம் எடுக்க விடமாட்டார்கள் என்று சித்தி மறைத்திருந்தார். வைத்த சோற்றை எல்லாம் நினைத்து நினைத்து அம்மா அழுதார். அந்த மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள்.

இரண்டு வருஷத்தில் உடம்பு தேறி, சித்தி மறுபடியும் பால்குடம் எடுத்தார். சிராப்புக்கு இடம் வேண்டுமே என்று நான் காலையில் எதையும் தொடவில்லை. முதல் பந்தலில் சித்தி நிற்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. விறுவிறுவென்று போய்க்கொண்டே இருந்தார், நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. கோயில் வாசலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சித்திக்கு இப்ப என் மேல ஆசையே இல்ல," என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். "ஒரு எடத்துலகூட நிக்கல."

அம்மா சித்தியைப் பார்த்தார். சித்தி சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாகத்தோடு நிற்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.